பழைய றேடியோவும் வார்டோ பயணமும்

அப்பாவின் கார் ஏழு வருசமாக ஊமையாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நோர்வேயில் இருக்கிறவர்களுக்குக் காரணம் தெரியும். 2017 ஜனவரியில் நூர்லாந்து மாகாணத்தில் தொடங்கி, டிசம்பர் 13ஆம் திகதி துரொம்ஸ், ஃபின்மார்க் வரைக்கும் போய், தேசிய எஃப்.எம். ஒலிபரப்பை ஒவ்வொரு பகுதியாக நிறுத்தினார்கள். உலகத்திலேயே முதல் நாடு நாங்கள்தான். மலையும் ஃபியோர்ட்டும் நிறைந்த நாட்டில் எஃப்.எம். கோபுரங்களைப் பராமரிப்பது பெரிய செலவு. அப்படிச் செலவழித்தும் நாடு முழுக்கக் கேட்க முடிந்தவை ஐந்து நிலையங்கள்தான். டிஜிட்டல் றேடியோவான 'டாப்' வந்தால் இருபதுக்கு மேலே கிடைக்கும் என்றார்கள். கிடைத்ததும் உண்மைதான். ஆனால் ரோட்டில் ஓடிய பழைய கார்களுக்கு டாப் என்றால் என்னவென்றே தெரியாது. சின்ன உள்ளூர் நிலையங்கள் சில எஃப்.எம்.மில் மிஞ்சின, மிச்சமெல்லாம் இரைச்சல்.

அப்பாவின் கார் 2003ஆம் ஆண்டு ரொயோட்டா ராவ்-4. அதில் கம்பனியே பூட்டிக் கொடுத்த றேடியோ, எஃப்.எம்.மும் கசெற்றும். எஃப்.எம். நின்ற பிறகு அவர் அதைத் தொடவேயில்லை. அதே வருசம் ஏப்ரல் மாதத்தோடு பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் நின்றுவிட்டது. "ஒரே வருசத்தில ரெண்டு றேடியோவும் போச்சு" என்று அப்பா அப்போது சொன்னார். நான் பகிடியென்று நினைத்துச் சிரித்துவிட்டேன்.

2024 வசந்த காலத்தில், அப்பா ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார்: "இந்த சமருக்கு வார்டோ போவம். காரில. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு."

வார்டோ நோர்வேயின் கிழக்கு நுனி. ஒஸ்லோவிலிருந்து சுவீடன், ஃபின்லாந்து வழியாகப் போனால் 2,000 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. அப்பா 1986இல் மக்கள் உயர்பள்ளி ஒன்றுக்கு மாணவனாக வந்து, பிறகு அங்கே மீன் தொழிற்சாலையில் வேலைக்குப் போனவர். எங்களைப்போலக் கனபேரின் குடும்பக் கதை இப்படித்தான் தொடங்குகிறது. வார்டோ, போட்ஸ்ஃபியோர்ட் என்று ஃபின்மார்க்கின் கரையோர ஊர்களில் மீன் வெட்டுகிற மேசைக்கு நோர்வேஜியர்கள் போக விரும்பாத காலத்தில் எங்கட ஆட்கள்தான் போய் நின்றார்கள். 1989இல் அம்மா வந்தா. 1990இல் நான் கிர்கெனெஸ் மருத்துவமனையில் பிறந்தேன். எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது ஒஸ்லோவுக்கு வந்துவிட்டோம். அதற்குப் பிறகு ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

நான்கு நாள் கார் ஓட்டம், பின் இருக்கையில் ஒன்பது வயது மகளும் ஆறு வயது மகனும், றேடியோ இல்லை. நான் முடிவு எடுத்துவிட்டேன்.

"அது நல்லாத்தானே கிடக்குது. ஏன் கழட்டுறாய்?" என்றார் அப்பா.

"அப்பா, அதில ஒண்டும் வராது."

"கசெற் போடலாம்."

"ஆர் இப்ப கசெற் போடுறது?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கட அப்பாமார் ஒன்றும் சொல்லாமல் விட்டால் அது சம்மதம் இல்லையென்று முப்பத்துநான்கு வயதில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் மென்பொருள் எழுதுகிற ஆள். கம்பியைக் கண்டால் பயம். இருந்தாலும் இந்த வேலை நினைத்த அளவுக்குக் கஷ்டமில்லை, செய்ய யோசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விபரமாகவே சொல்கிறேன். முதலில் பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றிவிட்டு, காற்றுப்பைகளுக்காகத் தொண்ணூறு செக்கனாவது பொறுக்க வேண்டும். பிறகு றேடியோவைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் சட்டம். அதை ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் கீறல் விழும். பிளாஸ்டிக் நெம்புகோல் விற்கிறது, வாங்குங்கோ. சட்டம் வந்தால் உள்ளே நான்கு 10 மில்லிமீற்றர் போல்ற். கழற்றினால் முழு றேடியோவும் முன்னுக்கு வந்துவிடும்.

பெரிய அளவு கார் ஸ்ரீரியோக்கள் ஏறக்குறைய 180 மில்லிமீற்றர் அகலம். ரொயோட்டாக்காரர் தங்கட வழியில் 200 மில்லிமீற்றர் இடம் விடுவார்கள். அதனால் இரண்டு பக்கமும் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி விழும். அதை நிரப்பவென்று இரண்டு பிளாஸ்டிக் துண்டு தனியாக விற்கிறார்கள். நான் அதை ஓர்டர் பண்ண மறந்துவிட்டு, ஒரு கிழமை அம்மாவின் சமையலறைக் கடதாசி அட்டையை வெட்டிச் செருகி வைத்திருந்தேன்.

கம்பிகளை வெட்டவே கூடாது. காரின் பிளக்கையும் புது ஸ்ரீரியோவின் பிளக்கையும் இணைக்கிற இடைக்கம்பித் தொகுதி ஒவ்வொரு காருக்கும் கிடைக்கும். அதில் நிறங்களுக்கு அர்த்தம் இருக்கிறது. மஞ்சள், எப்போதும் மின்சாரம் வருகிற கம்பி. நேரமும் நிலையங்களும் நினைவில் நிற்பது அதனால்தான். சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும். கறுப்பு, நிலத்தொடுப்பு. வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா என்பன நான்கு ஸ்பீக்கர்கள், ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் கோடு போட்ட ஒரு சோடி. மஞ்சளும் சிவப்பும் மாறிப்போனால் ஒவ்வொரு முறை காரை நிறுத்தும்போதும் ஸ்ரீரியோ எல்லாவற்றையும் மறந்துவிடும். சில ஐரோப்பியக் கார்களில் இந்த இரண்டும் இடம் மாறித்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கோ.

என்னைக் கவிழ்த்தது அன்ரெனா. எஃப்.எம். 87.5 முதல் 108 மெகாஹேர்ட்ஸ், டாப் 174 முதல் 240 வரை. கூரையில் இருக்கிற பழைய கம்பி டாப்புக்குச் சரிவராது. கண்ணாடியில் ஒட்டுகிற ஒரு மெல்லிய அன்ரெனா தருவார்கள். அதிலிருந்து ஒரு சின்ன உலோகத்தாள் நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கிற இரும்பில் ஒட்ட வேண்டும். நான் மூடியிலேயே ஒட்டிவிட்டேன். திரையில் 'நிலையங்கள்: 0'. நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? தொழில் புத்தி போகாதே. மென்பொருளில்தான் பிழையென்று முடிவுகட்டி, ஒரு மணித்தியாலமாகப் புது வெர்ஷன் இறக்கிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, "இது எர்த் பிடிக்கேல்லப் போல" என்றார். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி இரும்பில் ஒட்டினேன். எல்லா நிலையமும் வந்தது. (உங்கள் காரில் பக்கவாட்டுக் காற்றுப்பை இருந்தால் அந்தத் தூணுக்குள்தான் அது மடித்துக் கிடக்கும். கம்பியை அதற்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும், முன்னால் இல்லை. சந்தேகமென்றால் கராஜ்காரரிடம் விடுங்கோ.)

எல்லாம் சேர்த்து 4,000 குரோனருக்கும் குறைவு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவுக்கு டாப், புளூரூத், யூ.எஸ்.பி. எல்லாம் காட்டினேன். "வடிவாயிருக்கு" என்றார்.

அன்றிரவு அம்மா போன் எடுத்தா. "அப்பா ஏன் கராஜில நிக்கிறார்? நீ என்னவும் சொன்னியோ?"

போய்ப் பார்த்தேன். காரின் முன் இருக்கைக்குக் கீழே இருந்து எடுத்த நீலநிற டெனிஷ் பிஸ்கற் டின் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். தையல் ஊசி, நூல் இருக்கிற டின் ஒன்று எங்கட எல்லா வீட்டிலும் உண்டு. இது அதில்லை. உள்ளே பதினான்கு கசெற். சிலவற்றில் அம்மாவின் கையெழுத்து, 1987, 88.

போன் வசதியில்லாத காலத்தில் எங்கட சனம் குரலைப் பதிந்து தபாலில் அனுப்பியது. இது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அந்தக் கசெற்றுகள் வருசக்கணக்காக நான் ஏறி இறங்கிய காரில், என் இருக்கைக்குக் கீழேயே கிடந்தது தெரியாது. வீட்டில் கசெற் போடுகிற சாமான் வேறொன்றும் மிஞ்சவில்லை என்பதையும் நான் யோசிக்கவில்லை. கடைசியாக இருந்ததை நான் மத்தியானம்தான் கழற்றி, குப்பைக்குப் போகிற பெட்டிக்குள் போட்டிருந்தேன்.

நல்லகாலம், பெட்டி இன்னும் போகவில்லை.

கார் றேடியோ என்பது 12 வோல்ற் பெட்டி, அவ்வளவுதான். 12 வோல்ற் 5 அம்பியர் மின்வழங்கி ஒன்று எடுத்தேன். தொடர்ந்து மின்சாரம் வருகிற கம்பியையும் சாவிக் கம்பியையும் ஒன்றாக்கி பொசிற்றிவ்வில், நிலத்தொடுப்பை நெகற்றிவ்வில் கொடுத்தேன். நிலவறை மேசையில் றேடியோ கண் திறந்தது. அதைக் கணினியோடு இணைக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. இந்த றேடியோக்களில் ஸ்பீக்கருக்குப் போகிற இரண்டு கம்பியிலும் சத்தம் ஓடும். கறுப்புக் கோடு போட்டது நிலத்தொடுப்பு இல்லை. அதை நேராகக் கணினியின் ஒலிவாயிலில் செருகினால் உள்ளே இருக்கிற சிப் எரியலாம். ஸ்பீக்கர் வெளியீட்டைக் குறைத்துத் தருகிற ஒரு சின்ன மாற்றிப் பெட்டி இருக்கிறது, ஒலிபெருக்கி பூட்டுகிறவர்கள் வைத்திருப்பார்கள். அதை இடையில் வைக்க வேண்டும்.

கசெற்றுகளுக்கும் வயது வந்துவிட்டது. போடுவதற்கு முன் ஒருமுறை முழுவதும் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடவிட வேண்டும். நாடாவை அழுத்திப் பிடிக்கிற குட்டிக் கம்பளித் துண்டு சிலதில் பசை விட்டு விழுந்திருந்தது. ஸ்குரூ போட்ட கசெற்றென்றால் திறந்து, நாடாவை இன்னொரு கூட்டுக்குள் மாற்றலாம். ஒட்டின கசெற்றென்றால் உடைக்கத்தான் வேண்டும். மூன்றை அப்படி மாற்றினேன்.

முதலாவது கசெற்றைப் போட்டபோது இரவு ஒரு மணி. ஒலி அளவு காட்டுகிற பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். காகம் கத்துகிற சத்தம். யாரோ வாளியை வைக்கிற சத்தம். பிறகு ஒரு பெட்டை, வெட்கத்தில் இழுத்து இழுத்து, "இப்ப பதியுதோ?" என்று யாரையோ கேட்கிறாள். என் மனைவியை விடப் பதினைந்து வயது குறைந்த குரல். அது என் அம்மாவென்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. சத்தத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பச்சைக் கோடு மட்டும் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர் கடிதம் அல்லவா.

அடுத்தநாள் அம்மாவிடம் கேட்டேன். "அதில என்ன கிடக்கு? ஊர்ப்புதினம்தான். பிள்ளைகளும் கேக்கட்டும்" என்றா. அப்பாவிடம் கேட்டேன். அவர் டின்னுக்குள் பார்த்து ஐந்தை எடுத்துத் தந்தார். "இதுகளில முதல் பக்கம் மட்டும்."

"மற்றப் பக்கம்?"

"முதல் பக்கம் மட்டும் எண்டு சொன்னனான்."

ஜூலை முதல் கிழமை வெளிக்கிட்டோம். மனைவிக்கு மருத்துவமனையில் லீவு கிடைக்கவில்லை. அப்பா முன்னால், நடுவில் அம்மா, இரண்டு பக்கமும் பிள்ளைகள், பின்னால் இடியப்பத் தட்டு உட்பட எல்லாம்.

சுவீடன் எல்லையைத் தாண்டியதும் டாப் பட்டியல் மெலிந்து காணாமல் போனது. எஃப்.எம்.முக்கு மாற்றினால் முழுக்க முழுக்கச் சத்தம். சுவீடன் அரசாங்கம் டிஜிட்டலுக்கு மாறுகிற திட்டத்தை 2015இல் கைவிட்டது, ஃபின்லாந்திலும் எஃப்.எம்.தான். அப்பா சிரித்தார். "அப்ப என்ர பழைய றேடியோ இஞ்ச வேலை செய்திருக்கும்." நியாயம். முதல் இரவு சுண்ட்ஸ்வால், இரண்டாவது ஹாப்பராண்டா. சுவீடனில் கடலோரமாகப் போகிற ரோட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஊசியிலைக் காடு, லொறி, ஊசியிலைக் காடு.

மூன்றாம் நாள் ரொவானியெமிக்கு வடக்கே பிள்ளைகளின் ரப்லெற் இரண்டும் சார்ஜ் இறங்கிவிட்டன. மகன் அழத் தொடங்கினான். அப்போதுதான் யூ.எஸ்.பி.யைச் செருகினேன்.

காகம், வாளி. "இப்ப பதியுதோ?"

"ஐயோ, நிப்பாட்டு நிப்பாட்டு" என்று அம்மா முகத்தை மூடிக்கொண்டா.

"இது ஆர்?" என்று மகள் நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

"அப்பம்மா."

"இல்லை. இது சின்ன ஆள்."

கோப்பாயில் 1988ஆம் ஆண்டின் ஊர்ப்புதினம் ஃபின்லாந்துக் காட்டுக்குள் ஓடியது. யாருக்குக் கலியாணம், யாருடைய ஆடு மூன்று குட்டி போட்டது, ரியூசன் சேர் காய்ச்சலில் கிடக்கிறார், நீங்கள் அனுப்பின படத்தில் ஏன் இவ்வளவு மெலிவு, மீன் வெட்டுற கை நோகுதோ. என் பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்கும், திருப்பிக் கதைக்க மாட்டார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? நான் தமிழில் கேட்பேன், பதில் நோர்வேஜிய மொழியில் வரும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும் அதை மாற்றவில்லை. ஆனால் அந்தக் குரல் பேசின தமிழ் வேகமாகவும் வேடிக்கையாகவும் இருந்தது. யாரையும் படிப்பிக்க அது பேசவில்லை. மூன்று குட்டி போட்ட ஆட்டுக்குப் பெயர் வைத்த கதைக்கு மகன் வாய்விட்டுச் சிரித்தான்.

பிறகு குரல் நடுவில் நின்றது. தூரத்தில் ஹெலி ஒன்று வருகிற சத்தம், நாடாவில் இரைச்சலைப் போல. கிட்ட வந்து, பெருத்து, மெல்லப் போகிறது. ஏறக்குறைய ஒரு நிமிசம் யாரும் பேசவில்லை. பதிவை நிறுத்தவும் இல்லை. பிறகு அதே குரல், விட்ட இடத்திலிருந்து, "அப்ப அந்தக் கறிவேப்பிலைக் கண்டு..." என்று தொடர்ந்தது.

"அப்பம்மா ஏன் கதைக்காமல் இருந்தவா?" மகள். தமிழில்.

அம்மா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அது போகுமட்டும் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றா.

"எது?"

நான் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சொன்னா, சின்னச் சின்ன வசனமாக, ஒன்பது வயதுக்கு எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு. ஹெலியில் யார் வந்தது, வீட்டில் எங்கே ஒளிக்கிறது, ஆட்டுக்குட்டிகள் எவ்வளவு பயப்படும். எனக்கு அவ இதைச் சொன்னதேயில்லை. நானும் கேட்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இனாரியில் இரவு தங்கி, நான்காம் நாள் காலை உட்ஸ்யோக்கிக்கு வந்தோம். அங்கே தானா ஆறுதான் எல்லை. ஆற்றின் மேல் கம்பிகள் தாங்கி நிற்கிற பாலம். அக்கரை நோர்வே. கொஞ்ச நேரத்தில் எஃப்.எம். நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கரகரத்து இறந்துபோயின. டாப்புக்கு மாற்றினேன். பட்டியலில் என்.ஆர்.கே. சாப்மி என்றிருந்தது.

"அது என்ன பாஷை?" என்று அம்மா கேட்டா.

"சாமி றேடியோ, அம்மா."

"சாமி றேடியோவோ? தேவாரம் போகுமோ?"

அப்பா அரை மணித்தியாலம் சிரித்தார். சாமி என்பது இந்த வடநிலத்தின் பழங்குடி மக்கள். இங்கே ஊர்ப் பலகைகளில் இரண்டு பெயர், தானா என்றும் டெட்னூ என்றும். பல தலைமுறையாகப் பள்ளிகளில் சாமிப் பிள்ளைகளைத் தங்கள் மொழி பேச விடாமல் நோர்வேஜியர்களாக்கப் பார்த்தது இந்த அரசு. அதை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2023இல் அறிக்கை கொடுத்தது. தொழிற்சாலையில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டின கிழவி ஒருத்தி, இடைவேளையில் மட்டும், அதுவும் தன் தங்கையோடு மட்டும், மெல்லிய குரலில் சாமி பேசுவாளாம். மேற்பார்வையாளர் வந்தால் நோர்வேஜிய மொழிக்கு மாறிவிடுவாளாம். "நாங்கள் சத்தமாத் தமிழ் கதைப்பம். அவ எங்களை ஒரு மாதிரிப் பாப்பா. எனக்கு அப்ப விளங்கேல்ல" என்றார் அப்பா. அந்த நிலையத்தை வட்சோ வரைக்கும் மாற்ற வேண்டாமென்றார். ஒரு சொல்லும் விளங்காமல் எல்லோரும் கேட்டுக்கொண்டு வந்தோம்.

வட்சோவுக்குப் பிறகு மரங்கள் முடிந்துவிடுகின்றன. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பேரன்ட்ஸ் கடல். ரோட்டில் மான்கூட்டம் நின்று எங்களைப் பார்த்தது. பிறகு கடலுக்கடியில் இறங்குகிற சுரங்கம். 1982இல் திறந்தது, நோர்வேயின் முதல் கடலடி ரோட்டுச் சுரங்கம், 2.9 கிலோமீற்றர், ஆழமான இடத்தில் கடல்மட்டத்துக்கு 88 மீற்றர் கீழே. ஏறி வெளியே வந்தால் வார்டோ. கிரீஸின் கிறீற் தீவுவரை போகிற ஈ-75 நெடுஞ்சாலையின் வடமுனை இதுதான்.

நான் பெரிதாக ஒன்றையும் நினைவுகூரவில்லை. காற்று மட்டும் முகத்தில் அறைந்ததும் தெரிந்தது. 1980களில் 3,000 பேருக்கு மேல் இருந்த ஊரில் இப்போது ஏறக்குறைய 2,000 பேர். வெறும் வீடுகள் நிறைய. அவற்றில் சிலவற்றின் சுவர்களில் பெரிய ஓவியங்கள். 2012இல் தெருவோவியக்காரர்கள் கூடி வரைந்தவை. பிள்ளைகளுக்கு எதிர்த்தீவு ஹொர்னோயாவின் பஃபின் பறவைகள்தான் பெரிய விசயம். படகில் போய்ப் பார்த்து வந்தார்கள். சூனியக்காரர் என்று பதினேழாம் நூற்றாண்டில் கொல்லப்பட்ட 91 பேருக்கான ஸ்டைல்நெசெற் நினைவிடத்துக்கு நானும் அம்மாவும் மட்டும் போனோம். நீண்ட இருண்ட நடைபாதை, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சின்ன யன்னலும் ஒரு விளக்கும். அம்மா ஒவ்வொரு பெயரையும் எழுத்துக் கூட்டி வாசித்தா, ஒன்றையும் விடவில்லை.

இரண்டாம் நாள் இரவு பத்து மணி இருக்கும். வெய்யில் மறையாத காலம். அப்பா, "காரை எடு, ஒரு இடம் காட்டோணும்" என்றார். அம்மாவும் ஏறினா. துறைமுகத்தில் பழைய தொழிற்சாலைப் பக்கமாக ஒரு வெறும் கொங்கிரீற் இடத்தைக் காட்டி நிறுத்தச் சொன்னார். மூக்கைக் கடலுக்கு நேரே விட்டு, "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்று சரி பார்த்தார்.

"வீட்டில எட்டுப் பேர். ஒரு அறையில நாலு பேர். தமிழோசை எண்டால் எல்லாரும் ஒண்டா இருந்து கேப்பம், வடக்கொளி ஆடுற இரவில சிற்றலை ஒண்டும் பிடிக்காது, அண்டைக்குச் செய்தி இல்லை. வேலைக்குப் போனவைக்கு எண்டு கசெற்றில பதிஞ்சு வைப்பம். ஆனா கொம்மான்ர கசெற்றை எட்டுப் பேருக்கு முன்னால எப்பிடிப் போடுறது? கூட்டாளி ஒருத்தன் பழைய வொல்வோ வைச்சிருந்தான். திறப்பை வாங்கிக்கொண்டு இஞ்ச வந்து நிப்பாட்டுவன். குளிருக்கு எஞ்சினை ஓடவிட்டுட்டுத்தான். வெளியில இருட்டு, ரெண்டு மாசம் சூரியன் இல்லை. ரெண்டு பக்கமும் கேட்டிட்டுத்தான் போவன்."

"திரும்பத் திரும்பவும் கேட்டிருப்பார்" என்றா அம்மா, பின் இருக்கையிலிருந்து. "ஒரு கசெற் தேஞ்சு போய் வந்தது."

"நான் திருப்பி அனுப்பினதே இல்லையே."

"இப்ப பாத்தனான். டின்னுக்குள்ள."

அப்பா எதுவும் சொல்லாமல் புது ஸ்ரீரியோவின் திரையைத் தொட்டார். எங்கே அழுத்துவதென்று நான் காட்டவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. காகம் கத்தியது. வாளி. பின்னால் அம்மா இந்த முறை நிறுத்தச் சொல்லவில்லை. நான் இறங்கிக் கரைவரைக்கும் நடந்தேன். கடற்பறவைகள் என்னைச் சட்டை செய்யவில்லை. கைகள் விறைக்கும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தபோதும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆடு இரண்டாவது குட்டி போடுகிற இடம்.

நான் கதவைத் திறந்ததும் அம்மா சொன்னா: "எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு இவ்வளவு நேரமாப் போடுறார். பற்றரி இறங்கப்போகுது, சொல்லு அவருக்கு."

நான் சாவியைத் திருப்பினேன்.